உன்னிச்செடி தின்று விழுந்த மாடு: எதுவரை வைத்தியம், எப்போது ஊசி?

கூடலூர் தொழுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் கூடலூர்ப் பக்கம், லோயர் கேம்ப்புக்கு முந்தியே மலையடிவாரத்தில் எங்களுக்குத் தொழு இருக்கிறது. எல்லாம் மலைமாடு. தாத்தா காலத்திலிருந்து பாலுக்காக வளர்ப்பதில்லை, சாணத்துக்கும் கன்றுக்கும்தான். இந்தக் கோடையில் மூன்று உருப்படி போய்விட்டது. இரண்டு தானாகச் செத்தது. மூன்றாவது ஒரு செவலைப் பசு. அதற்கு டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு முடித்துவைத்தோம்.

மாசி முடிவதற்குள் அடிவாரத்தில் புல் கருகிப்போனது. பங்குனியில் ஒரே ஒரு மழை. புல் தலைகாட்டுவதற்கு முன்னாலேயே உன்னிப் புதரெல்லாம் (லாண்டானா என்பார்கள்) தளதளவென்று துளிர்த்துவிட்டது. எப்போதும் மாடு உன்னியை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், அந்த வாடை அதற்கு ஆகாது. வயிறு காய்ந்த மாட்டுக்கு வாடை எங்கே தெரியப்போகிறது?

முதலில் சாணி நின்றது. போட்டாலும் கட்டி கட்டியாக, மேலே சளி பூசிக்கொண்டு வந்தது. அசை போடவில்லை. அப்புறம் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் மஞ்சள். மூத்திரம் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. வெயிலில் நிற்க முடியாமல் நிழல் தேடி ஓடியது. மூக்குத் தோல் வெடித்து உரிந்து, உள்சதை சிவப்பாகத் தெரிந்தது. காம்பும் வெடித்தது. கன்று முட்டினால் உதைத்தது. அந்தப் பசு அதுவரை கன்றை உதைத்ததே கிடையாது.

கடைசியில் படுத்துவிட்டது. ராத்திரி முழுக்க அது பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் தொழுவில் கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். உடம்புச் சூடு இறங்கிவிட்டது, மூத்திரம் நின்றுவிட்டது, இனிமேல் செய்கிற வைத்தியம் அதன் வலியைத்தான் இழுத்தடிக்கும் என்றார். "இப்படியே விட்டால் எத்தனை நாள் கிடக்கும்?" என்று அப்பா கேட்டார். "ரெண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்" என்றார் டாக்டர். அப்பா பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, சரி போடுங்க என்றார்.

சொந்தக்காரர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். கையால் வளர்த்த மாட்டைக் கையால் முடித்த வீடு என்கிறார்கள். அப்பா செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்த முறை, இன்னும் முன்னாலேயே முடிவெடுக்க வேண்டி வந்தால் எதைப் பார்த்து எடுப்பது? தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்க எல்லையிலும் மாடு வைத்திருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கால்நடை டாக்டர், போடி

தம்பி, உங்கள் அப்பா செய்தது சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன்னி எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால், எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதும் விளங்கிவிடும். அந்த இலையில் லாண்டடீன் என்ற நஞ்சு இருக்கிறது. அது ஈரலைக் கெடுத்துப் பித்தநீர் ஓடுவதை நிறுத்திவிடும். மாடு தின்ற பச்சை செரிக்கும்போது வயிற்றில் ஃபில்லோஎரித்ரின் என்று ஒரு பொருள் உண்டாகும். ஈரல் நன்றாக இருந்தால் பித்தத்தோடு அதைக் கழித்துவிடும். பித்தம் ஓடவில்லை என்றால் அது இரத்தத்தில் ஏறித் தோலில் வந்து நிற்கும். அங்கே வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். மூக்கும் காம்பும் வெள்ளைத் தோல் உள்ள இடமும் முதலில் உரிவது இதனால்தான். கறுப்பு மாட்டில் தோல் அவ்வளவு கெடாது, அதனால் ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே ஈரல் அதே அளவு போயிருக்கும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஈரல் கெட்டதும் பெருவயிறு அசைவதை நிறுத்திவிடுகிறது. தின்ற உன்னி வெளியே போகாமல் உள்ளேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சை விட்டுக்கொண்டே இருக்கும். மாடு வாயை மூடிப் பல நாள் ஆன பிறகும் விஷம் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் நாளே வயிற்றில் இருப்பதைக் கட்டிப்போட வேண்டும். 500 கிலோ மாட்டுக்கு ஆக்டிவேட்டட் சார்க்கோல் 2.5 கிலோ, 20 லிட்டர் தாது உப்புக் கரைசலில் கலந்து, வயிற்றுக்குள் குழாய் விட்டுச் செலுத்துவோம். மலைமாடு அதில் பாதி எடை இருந்தால் மருந்தும் பாதி. வீட்டு அடுப்புக்கரி இந்த வேலையைச் செய்யாது. வாயில் ஊற்றவும் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். சில மாட்டுக்கு இடது விலாவைத் திறந்து வயிற்றைக் காலி செய்திருக்கிறோம். கூடவே குளுக்கோஸ், வைக்கோல், இருட்டான தொழு. பச்சையை அறவே நிறுத்த வேண்டும். மஞ்சள் ஏறுவதற்கு முன்னால் வந்த மாடுகள் நிறையப் பிழைத்திருக்கின்றன.

இனி உங்கள் கேள்வி. படுத்த மாட்டை நான் இப்படித்தான் பார்ப்பேன். எழுப்பினால் எழுந்திருக்க முயற்சியாவது செய்கிறதா? தண்ணீரை மூக்கருகில் வைத்தால் நனைத்துக்கொள்கிறதா? மூத்திரம் வருகிறதா? மாட்டின் உடம்புச் சூடு வழக்கமாக 101.5 ஃபாரன்ஹீட் வாக்கில் இருக்கும். அது படிப்படியாக இறங்கிக்கொண்டே போய், காதும் கொம்படியும் சில்லிட்டு, கண் குழிந்து, பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தால், அங்கே பிழைக்க வழியில்லை, வேதனை மட்டும் பாக்கி. உரிந்த புண்ணில் புழு வைத்துவிட்டால் இன்னும் மோசம். ஒரே ஒரு குறியை வைத்து முடிவு செய்ய மாட்டேன். காலையில் பார்த்ததையும் சாயந்திரம் பார்த்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். எல்லாம் ஒரே திசையில் போனால், மாட்டுக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்.

கொழிஞ்சாம்பாறை

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாங்க. வேலந்தாவளம் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. கேரளா என்றாலும் இங்கே மழை குறைவு, மண்ணும் பேச்சும் கொங்குதான். எங்களுக்கு உன்னியைவிடச் சோளத்தட்டுதான் எமன்.

அறுத்த சோளக்காட்டில் ஒரு மழை விழுந்ததும் கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும். பார்க்க அவ்வளவு பச்சையாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்து ஜெர்சி மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் அதை நாலு வாய் கடித்தது. நான் போய்ச் சேரும்போது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது, வாயில் நுரை. நின்ற நிலையிலேயே சாய்ந்தது, கால் இழுத்தது, அவ்வளவுதான். டாக்டர் வண்டி ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது இரத்தம் செக்கச்செவேல் என்று இருந்தது.

உங்கள் பசு மாதிரி நாள் கணக்கில் கிடக்கவில்லை என்பது ஒன்றுதான் எங்களுக்கு ஆறுதல். ஊசியா வேண்டாமா என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்காதுங்க.

கால்நடை டாக்டர், போடி

அண்ணா, அது சயனைடு. இளஞ்சோளத்தில் அது அதிகம். வறட்சியில் வாடி நின்று மழைக்குத் துளிர்த்தால் இன்னும் அதிகம். இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் உடம்பின் செல்கள் அதை எடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் இரத்தம் அந்த நிறம். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் போட்டால் செத்துக்கொண்டிருக்கிற மாடுகூட எழுந்து நிற்கும், ஆனால் நிமிடக் கணக்கில் போட்டாக வேண்டும். தயோசல்பேட் என்பது பழைய ஸ்டூடியோக்களில் போட்டோ கழுவப் பயன்படுத்திய அதே ஹைப்போதான். சோளம் அதிகம் போடுகிற ஊரில் உங்கள் சொசைட்டி டாக்டரிடம் இந்த இரண்டும் கையிருப்பில் இருக்கிறதா என்று சோளம் விதைக்கும்போதே கேட்டு வையுங்கள். பூ வரும்வரை சோளத்தட்டை வெட்டிப் போடாதீர்கள். மறுதாம்பில் மாட்டை விடவே கூடாது. அரைகுறையாக வாடியதும் ஆபத்துதான்.

சின்னமனூர் பெரியவர்

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் மாடு வெறும் உருப்படி இல்லை. கம்பம் நந்தகோபாலசாமி கோயிலில் தம்பிரான் மாட்டுத்தொழு இருக்கிறது. நேர்ந்துவிட்ட கன்று அங்கே போனால் அதன் பாலைக்கூட மனிதன் கறப்பதில்லை. அப்படிப்பட்ட மண்ணில் பசுவுக்கு ஊசி போட்டுச் சாகடிப்பதை எப்படி ஒப்புக்கொள்வது? மாடு தானாகப் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியால் வாயை நனைத்து, ஈ ஓட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வது நம் கடமை. எங்கள் அப்பா அதைத்தான் செய்தார்.

இன்னொரு பயமும் இருக்கிறது. ஊசி லேசாகிவிட்டால், வைத்தியச் செலவுக்கு யோசிக்கிறவன் பிழைக்கிற மாட்டையும் முடித்துவிடுவான். கால் ஒடிந்த காளை, மடி வற்றிய பசு எல்லாவற்றுக்கும் ஊசி என்று ஆகிவிடும். தம்பி வீட்டைக் குறை சொல்லவில்லை. வழி திறந்துவிட்டால் யார் யார் அந்த வழியில் நடப்பார்கள் என்று யோசிக்கச் சொல்கிறேன்.

குமுளி ரோடு

பெரியப்பா, உங்கள் பயம் நியாயம். ஆனால் நம் ஊரில் படுத்த மாட்டுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் பேச வேண்டும். பாதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதில்லை. யாவாரிக்குப் போன் போடுகிறார்கள். அவன் வந்து, நிற்க முடியாத மாட்டை வாலை முறுக்கி, கயிறு போட்டு வண்டியில் இழுத்து ஏற்றி, மலை ஏற்றிக் கேரளப் பக்கம் அறுப்புக்குக் கொண்டுபோகிறான். குமுளி ரோட்டில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அந்த மாடு வண்டிக்குள் உருள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிடைக்கிற காசோ சொற்பம். ஊசி போட்டால் பாவம், வண்டியில் ஏற்றினால் பாவம் இல்லையா?

விளவங்கோடு அக்கா

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், களியக்காவிளைக்குக் கிட்ட. இங்கே மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) ரப்பரும்தான். மரச்சீனி பிடுங்குகிற நாளில் இலையும் தோலும் வரப்பில் குவிந்து கிடக்கும். ஆடு அவிழ்ந்துகொண்டு போய்த் தின்றுவிட்டால், நிற்கிற இடத்திலேயே துடித்து விழும். இதுவும் டாக்டர் சொன்ன அதே சயனைடுதான் என்று எங்கள் மாட்டாஸ்பத்திரியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கசப்பு ரகத்தில் இன்னும் கூடுதலாம். அதனால் பிடுங்குகிற அன்று ஆட்டையும் மாட்டையும் கட்டிப்போட்டுவிடுவோம். இலையை வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகுதான் தீவனத்தில் சேர்ப்போம்.

குமுளி ரோடு தம்பி சொன்னதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஷம் தின்ற மாட்டின் இறைச்சியை, ஊசி மருந்து ஏறிய மாட்டின் இறைச்சியை மனிதர் தின்னலாமா? யாவாரிக்கு அந்தக் கவலை இல்லை. கொடுக்கிற நமக்கு இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை ஒரு மாட்டையும் படுத்த பிறகு விற்றதில்லை.

போடி ஹவில்தார்

நான் ஓய்வுபெற்ற ராணுவத்தான். இமாச்சலப் பக்கம் இருந்தபோது அங்கத்திய மாடுகளில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன். அங்கே காரணம் உன்னி இல்லை, ஓக் மரம். பனி உருகி வேறு தீவனம் இல்லாத நாளில் 'பான்' என்று அவர்கள் சொல்கிற அந்த மரத்தின் இளந்தளிரை வெட்டிப் போடுவார்கள், மாடும் வயிறு முட்டத் தின்னும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் இரத்தம் கலந்து கறுப்பாகக் கழிச்சல், தாடைக்குக் கீழே வீக்கம். தாகம் தாங்காமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த இலையில் துவர்ப்புச் சத்து அதிகம், அது சிறுநீரகத்தை அழிக்கிறது என்று எங்கள் ராணுவ கால்நடைப் பிரிவு டாக்டர் விளக்கினார்.

வெள்ளைக்கார நாடுகளில் இலையைவிட அந்த மரத்தின் கொட்டைதான் பெரிய தொல்லையாம். இலையுதிர் காலத்தில் காற்றடித்து ஒரே நாளில் குவியலாக விழும். புல் தீர்ந்த மேய்ச்சலில் மாடு அதற்குப் பழகி, தேடித் தேடித் தின்னும். இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டில் அந்தப் பருவத்தில் பன்றிகளை அவிழ்த்துவிடுகிறார்கள். பன்றிக்கு அந்தக் கொட்டை ஒன்றும் செய்யாது. அது பொறுக்கித் தின்றுவிட்டால் மாடும் மட்டக்குதிரையும் தப்பிக்கும். நூற்றாண்டுக் கணக்காக நடக்கிற வழக்கம் அது.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், இமாச்சலக் கிராமத்தில் இப்படிப் படுத்த ஒரு பசுவை வீட்டுக்காரக் கிழவி தன் கம்பளியைப் போர்த்தி வைத்திருந்தாள். பெரியவர் சொன்ன மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பசு சாக வெகு நாள் ஆனது. எங்கள் டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே தினமும் வந்து கேட்டார், அவள் கடைசிவரை ஒப்பவில்லை. அவள் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பசு பட்டது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பெரியவரே, உட்கார்ந்து பார்ப்பது நமக்கு ஆறுதல். மாட்டுக்கு ஆறுதலா என்று நான் கேட்கிறேன்.

உத்தமபாளையம் வாத்தியார்

இந்த வாக்குவாதம் புதிதில்லை. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத வேதனையில் கிடந்தது. பிழைக்காது என்று தெரிந்ததும் காந்தி டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு முடிக்கச் சொன்னார், தானும் கூட நின்றார். நாடு முழுவதிலிருந்தும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அகிம்சை பேசுகிறவர் பசுங்கன்றைக் கொல்லலாமா என்று ஏசினார்கள். அவர் ஒளிக்கவில்லை. தன் பத்திரிகையிலேயே விரிவாக எழுதி, தனக்குச் சரி என்று பட்டதைச் செய்தேன் என்று நின்றார். பசுவைத் தாயாக மதித்தவர் அவர். பெரியவர் அதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கால்நடை டாக்டர், போடி

பெரியவர் சொன்ன பயம் எனக்கும் உண்டு. பிழைக்கிற மாட்டுக்கு ஊசி கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கால் ஒடிந்தது, மடி வற்றியது, கன்று தங்கவில்லை என்பதற்கெல்லாம் நான் போட மாட்டேன். ஊசி போடுவது டாக்டரின் முடிவாக இருக்க வேண்டும், எழுத்தில் சான்று இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். தேனி வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கேரளப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மண்ணுத்தி இருக்கிறது. அந்தச் சித்தூர்க்காரர்களுக்கு அது ஒன்றும் தூரமில்லை.

சட்டம் பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவே, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்கிற நிலைக்கு வந்த விலங்கை வதையின்றி முடிப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இறைச்சிக்காக அறுப்பதைப் பற்றியது. அதற்கு வேறு சான்று, வேறு நிபந்தனை. நோயாளி மாட்டுக்கு வைத்தியத்தின் கடைசிப் படியாகப் போடுகிற ஊசியை அதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். நிற்க முடியாத மாட்டை வண்டியில் ஏற்றுவதுதான் குற்றம். பயணத்துக்குத் தகுதியானது என்று டாக்டர் சான்று இல்லாமல் மாட்டை வண்டியில் கொண்டுபோகக் கூடாது என்று 1978-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது.

முறை பற்றி ஒரு வார்த்தை. முதலில் அமைதிப்படுத்தும் மருந்து, அடுத்து ஆழ்ந்த மயக்கம், மயக்கம் முழுதாக இறங்கிவிட்டதா என்று கண்மணியைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் இதயத்தை நிறுத்துகிற மருந்து. மயக்காமல் கடைசி மருந்தை மட்டும் போடுவது பெரிய கொடுமை, மாடு அசைய முடியாமல் எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டிருக்கும். யாராவது பூச்சிமருந்தை ஊற்றலாம், தலையில் ஒரு போடு போடலாம் என்று யோசனை சொன்னால் அவரைத் தொழுவுக்குள் விடாதீர்கள்.

கூடலூர் தொழுக்காரன்

டாக்டர் சார், எங்கள் பசுவைத் தோட்டத்து ஓரத்தில் புதைத்தோம். குழி ஆழமாகத்தான் எடுத்தோம். நாய் கிளறும் என்று மேலே கல்லும் அடுக்கியிருக்கிறோம். அது போதுமா?

கால்நடை டாக்டர், போடி

நல்லது. ஆறடிக்குக் குறையாமல் எடுத்து, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். கிணறு, ஓடை, முல்லையாற்றுக் கால்வாய் பக்கம் வேண்டாம். மயக்க மருந்து ஏறிய உடலை நாயோ நரியோ கழுகோ தின்றால் அதுவும் சாகும். பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததற்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று கண்டுபிடித்து, 2006-இல் மாட்டுக்கு அதைக் கொடுக்கத் தடை போட்டார்கள். மாட்டுக்குப் போட்ட மருந்து செத்த உடல் வழியாகக் கழுகுக்குப் போனது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற கழுகுகளை நினைத்தாவது, ஊசி போட்ட மாட்டை வெட்டவெளியில் போடக் கூடாது.

விளவங்கோடு அக்கா

இன்சூரன்ஸ் பணம் வருமா? ஊசி போட்டுச் செத்தால் கிடைக்காது என்று எங்கள் ஊரில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனாலேயே படுத்த மாட்டை இழுத்தடிக்கிறார்கள்.

கால்நடை டாக்டர், போடி

அக்கா, இதை எல்லோரும் படிக்க வேண்டும். வேண்டுமென்று அறுத்தால் பணம் கிடையாது என்று மாட்டு இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும். அதே வரியிலேயே விலக்கும் இருக்கும்: தீராத வேதனையை முடிக்க, தகுதியுள்ள கால்நடை மருத்துவர் சான்று கொடுத்து, கருணை கருதி முடித்தால் அது அறுப்பில் சேராது. உங்கள் பாலிசித் தாளை எடுத்து அந்த வரியைப் பாருங்கள். ஊசிக்கு முன்னாலேயே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். காது வில்லை தெரிகிற மாதிரி மாட்டைப் படம் எடுங்கள், செத்த பிறகு வில்லையைத் தொலைத்துவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனை முடியாமல் புதைக்காதீர்கள். காது வில்லை இல்லை என்றால் பணம் இல்லை, அதுதான் அங்கே முதல் கேள்வி. அவசரத்துக்கு 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

சின்னமனூர் பெரியவர்

எல்லாம் படித்தேன். வாத்தியார் சொன்ன காந்தி விஷயம் எனக்குத் தெரியாது. ஹவில்தார் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் தொழுவில் ஊசி போட என் மனசு இடம் கொடுக்காது, அதையும் மறைக்கவில்லை. யாவாரிக்கு மட்டும் கொடுக்க மாட்டேன், அது உறுதி. டாக்டர் வலி குறைக்கிற மருந்தாவது தருவார் என்றால் அதைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பேன். கூடலூர்த் தம்பி, உன் அப்பாவை நான் கேட்டதாகச் சொல்லு. உங்கள் வீட்டைப் பற்றி யாராவது என் முன்னால் பேசினால் நான் விட மாட்டேன்.

கால்நடை டாக்டர், போடி

வலி குறைக்கிற மருந்து நிச்சயம் தரலாம் ஐயா. ஈரல் கெட்ட மாட்டுக்கு எதைத் தரலாம், எவ்வளவு தரலாம் என்பது பார்த்துத்தான் சொல்ல முடியும். கூப்பிடுங்கள், வருகிறேன்.

குமுளி ரோடு

சரி, வைத்தியம் பேசிவிட்டோம். உன்னியை என்ன செய்வது? வெள்ளைக்காரன் அழகுச் செடியாகக் கொண்டுவந்து வைத்தது, இன்று காடு முழுக்க அதுதான். அது இருக்கிற இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாத இடத்தில் மாடு அதைத்தான் கடிக்கும். மேகமலை 2021-இல் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்த பிறகு மேய்ச்சல் அடிவாரத்து ஓரத்துக்கு வந்துவிட்டது, அந்த ஓரம்தான் உன்னி அதிகமுள்ள இடம். வெட்டினால் நாலு மடங்கு துளிர்க்கிறது, கொளுத்தினாலும் துளிர்க்கிறது.

போடி ஹவில்தார்

வெட்டுவதும் கொளுத்துவதும் வீண். தண்டு மண்ணுக்குள் இறங்குகிற இடத்துக்குக் கீழே, ரெண்டு மூணு அங்குல ஆழத்தில் வேரை வெட்டி, கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். துளிர்க்கிற கண் எல்லாம் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே வெட்டினால் புதர் இன்னும் அடர்த்தியாகும். காய் பழுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், பழுத்துவிட்டால் குருவி விதையைக் காடெல்லாம் போட்டுவிடும். எடுத்த இடத்தில் உடனே கொழுக்கட்டைப் புல் விதை தூவ வேண்டும். வெற்றிடமாக விட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிடும். வெட்டிய தழையை மாடு வருகிற பாதையில் போடாதே, வாடிய உன்னியும் விஷம்தான்.

கூடலூர் தொழுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சின்னமனூர்ப் பெரியவர் எழுதியதை ரெண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார்.

எங்கள் தொழுவைச் சுற்றிப் பட்டா நிலம் கொஞ்சம் இருக்கிறது, அதில் உன்னியைத் தோண்ட ஆரம்பிக்கிறோம். வனத்துறை எல்லைக்குள் கை வைக்க அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், வாத்தியார் திருத்திக் கொடுத்தால் நல்லது. தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால் வேரெடுத்து, மழையோடு புல் விதை போட வேண்டும். பக்கத்துத் தொழுக்காரர்கள் ரெண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடப்பாரை எங்களிடம் இருக்கிறது, மண்வெட்டிதான் பத்தாது. கம்பத்திலிருந்தோ காமயகவுண்டன்பட்டியிலிருந்தோ வருகிறவர்கள் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். சார்க்கோல் நாலு தொழுவுக்கும் பொதுவாக ஒரு மூட்டை வாங்கி வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். எங்கே கிடைக்கும், விலை என்ன என்று டாக்டர் சொன்னால் பணத்தை இந்த வாரமே பிரித்துவிடுவோம்.

கால்நடை டாக்டர், போடி

விலை விசாரித்துச் சொல்கிறேன். தண்ணீர் வடிகட்டி விற்கிற கடையில் கிடைக்கிற குறுணைக்கரியை வாங்கிவிடாதீர்கள், மாவாக அரைத்த மருத்துவத் தரம்தான் வேண்டும். ஈரம் படாமல் டின்னில் போட்டு மூடி வையுங்கள். வயிற்றுக்குழாய் என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, அதை உங்கள் தொழுவிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.